கொர்யாக் மக்களைப் பற்றித் தமிழில் எழுத முற்படுவோருக்கு

ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், கம்சாத்கா தீபகற்பத்தின் வடபாதியிலும் அதை ஒட்டிய பெருநிலத்திலும் வாழும் கொர்யாக் மக்களைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரையோ, கலைக்களஞ்சியக் குறிப்போ, மாணவர்களுக்கான அறிமுகமோ எழுத நினைப்பவர் பெரும்பாலும் ஆங்கிலத்திலுள்ள இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றை வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார். “கொர்யாக்குகள் துருவமான் மேய்க்கும் நாடோடிகள், அவர்கள் பேசும் மொழி அழிந்துவருகிறது” என்ற வகையில் அமைந்த அந்தச் சுருக்கங்களில் பொய் இல்லை. ஆனால் கடற்கரையில் ஊர் அமைத்து, சால்மன் மீனும் கடல்நாயும் திமிங்கிலமும் பிடித்து வாழ்ந்த மற்றொரு பாதி மக்கள் அவற்றில் காணாமற்போகிறார்கள். எனவே எழுத உட்காருவதற்கு முன் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்: குறித்துக்கொள்ளும் ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் அது எந்தக் கொர்யாக்கைப் பற்றியது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்ற மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத செய்தி எவ்வளவு சுவையாக இருந்தாலும் அதை ஒதுக்கிவைப்பதே நல்லது. இக்கட்டுரையில் சொல்லப்படும் மற்ற அறிவுரைகள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவையே.

நிலப்படத்திலிருந்து தொடங்குக

முதலில் நிலப்படத்தை விரித்து நான்கு இடங்களைக் கண்டுகொள்ளுங்கள். கம்சாத்காவின் மேற்குக் கரையில், ஓகோட்ஸ்க் கடலை நோக்கியிருப்பது பலானா. கொர்யாக் வட்டாரத்தின் நிர்வாகத் தலைமையிடம் இதுவே. கிழக்கே, பெரிங் கடல் பக்கத்தில் இருப்பது திலிச்சிக்கி. வடக்கே பென்ஷினா விரிகுடாவின் தலைப்பகுதியில் கமென்ஸ்கோயே, மனிலி ஆகிய ஊர்கள் உள்ளன. அங்கிருந்து மேற்கே மகதான் மாநிலத்துக்குள் அடங்கும் செவெரோ-எவென்ஸ்க் பகுதியிலும் கொர்யாக்குகள் வாழ்கிறார்கள். கம்சாத்கா என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டால் இவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

நிர்வாகப் பெயர்களில் ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1930 டிசம்பர் 10 அன்று கொர்யாக் தேசிய வட்டாரம் அமைக்கப்பட்டது. 1977-க்குப் பிறகு அது தன்னாட்சி வட்டாரம் எனப்பட்டது. 2005-இல் நடந்த பொதுவாக்கெடுப்பைத் தொடர்ந்து 2007 ஜூலை 1 முதல் கம்சாத்கா மாநிலத்துடன் இணைக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து கம்சாத்கா கிராய் என்ற ஒரே ஆட்சிப்பகுதி ஆயின. ஆகவே, “கொர்யாக் தன்னாட்சி வட்டாரம் ரஷ்யக் கூட்டாட்சியின் ஓர் உறுப்பு” என்று இன்று நிகழ்காலத்தில் எழுதுவது பிழை. வட்டாரத்தின் பரப்பு ஏறத்தாழ 3,01,500 சதுர கிலோமீட்டர். 2002 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் மொத்தம் 25,000 பேர் அளவில்தான். அவர்களிலும் கொர்யாக்குகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். தங்கள் பெயரைத் தாங்கிய வட்டாரத்திலேயே அவர்கள் சிறுபான்மையினர் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

தேடும்போது ஒரு பொறி காத்திருக்கும். கொர்யாக்ஸ்கி என்ற 3,456 மீட்டர் உயர எரிமலை ஒன்று உண்டு. அது தெற்கே பெத்ரோபாவ்லவ்ஸ்க் நகரத்துக்கு அருகில் இருக்கிறது. கொர்யாக் வட்டாரத்தில் இல்லை. இணையத்தில் கிடைக்கும் “கொர்யாக்” படங்களில் பாதி இந்த மலையின் படங்களாகவே இருக்கும்.

எந்தக் கொர்யாக்?

உள்நாட்டுத் துந்திரா வெளியில் துருவமான் மந்தைகளோடு இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் சவ்ச்சுவென். துருவமான் செல்வம் உடையவர்கள் என்பது அப்பெயரின் பொருள். கரையோரத்தில் நிலையான ஊர்களில் வாழ்ந்தவர்கள் நிமிலான். ஊரார் என்று சொல்லலாம். நிமிலான் என்பதும் ஒற்றைக் குழு அன்று. பலானா, கராகா, கமென்ஸ்கோயே, பாரென், இத்கானா, அபுக்கா என்று ஆற்றின் பெயராலும் ஊரின் பெயராலும் அறியப்படும் குழுக்கள் அதற்குள் உண்டு; அவற்றின் பேச்சும் தொழிலும் இடத்துக்கு இடம் மாறும். பாரென் ஊரார் இரும்படிக்கும் கொல்லர்கள் என்று பெயர்பெற்றவர்கள். அவர்களுடைய கத்திகள் சுற்றுவட்டாரமெங்கும் விலைபோயின. “கொர்யாக்குகள் கைதேர்ந்த கொல்லர்கள்” என்று அதைப் பொதுமைப்படுத்தினால் பிழையாகிவிடும்.

அல்யுத்தோர் மக்களின் நிலை இன்னும் சிக்கலானது. நெடுங்காலம் அவர்களைக் கொர்யாக்கின் ஒரு கிளையாகவும் அவர்கள் மொழியைக் கொர்யாக்கின் கிளைமொழியாகவும் எழுதிவந்தார்கள். இப்போது மொழியியலாளர் பலர் அல்யுத்தோரைத் தனிமொழியாகக் கொள்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் ரஷ்ய அரசு ஏற்ற சிறுதொகைப் பழங்குடிகளின் பட்டியலிலும் அல்யுத்தோர் தனிப்பெயராக இடம்பெற்றது. 1930-களின் நூல்களிலோ கொர்யாக் மொழியே “நிமிலான் மொழி” என்று அழைக்கப்பட்டது. ஆகவே பழைய நூல் ஒன்றில் நிமிலான் என்று கண்டவுடன் அது கடற்கரையாரை மட்டும் குறிப்பதாக எண்ணிவிட வேண்டாம். நூலின் ஆண்டைப் பார்த்த பின் முடிவு செய்யுங்கள்.

மூலநூல் எந்தக் குழு என்று சொல்லாதபோது அதில் வரும் பொருள்களே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். தோலால் மூடிய கூடாரம் வந்தால் மேய்ப்பர். நிலத்தில் பாதி புதைந்த மரவீடும் கூரைவழி இறங்கும் ஏணியும் வந்தால் கரையோரத்தார். ஆனாலும் உடை மட்டும் ஏமாற்றும். கரையோரத்தார் கடல்நாய்க் கொழுப்பும் தோலும் கொடுத்து மேய்ப்பரிடமிருந்து துருவமான் தோலும் இறைச்சியும் பெற்றார்கள். எனவே துருவமான் தோலாடை அணிந்தவரெல்லாம் மேய்ப்பர் அல்லர். மந்தையை இழந்த மேய்ப்பர் கடற்கரை ஊரில் குடியேறியதும் உண்டு.

எண்ணிக்கைகள்

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொர்யாக்குகள் ஏறத்தாழ 7,500 பேர் என்று கணக்கிடப்பட்டது. 1989 சோவியத் கணக்கெடுப்பில் 9,242, 2002-இல் 8,743, 2010-இல் 7,953. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் மக்கள் தொகை பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். “அழிந்துவரும் இனம்” என்று எழுதுவதற்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை. குறைந்தது மொழியே: 2010 கணக்கெடுப்பில் கொர்யாக் மொழி தெரியும் என்று சொன்னவர்கள் 1,665 பேர். அதுவும் அவரவர் தாமே சொன்ன விடை; சரளமாகப் பேசுபவரும் பாட்டியிடம் கேட்ட சில தொடர்களை மட்டும் அறிந்தவரும் அதில் ஒன்றாகவே எண்ணப்பட்டிருப்பார்கள். காரணங்களை எழுதும்போது, மேய்ப்பர் குடும்பங்களின் குழந்தைகள் ஆண்டின் பெரும்பகுதி ரஷ்யவழி உறைவிடப் பள்ளிகளில் வளர்ந்ததையும், போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் “எதிர்காலம் இல்லாதவை” என்று முத்திரை குத்தப்பட்ட சிற்றூர்கள் மூடப்பட்டு, மக்கள் வெவ்வேறு பேச்சுவழக்கும் ரஷ்யமும் கலந்த பெரிய ஊர்களுக்கு மாற்றப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். “நவீனமயமாக்கலால் மொழி நலிந்தது” என்ற ஒரு வரி எதையும் விளக்காது.

ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதும் முறை

கொர்யாக், சுக்சி, அல்யுத்தோர், அண்மையில் மறைந்துபோன கெரெக், தொலைவில் நிற்கும் இத்தெல்மென் ஆகியவை சேர்ந்து சுக்சி-கம்சாத்கா மொழிக்குடும்பம். எழுத்துக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது சவ்ச்சுவென் வழக்கு. 1931-இல் லத்தீன் எழுத்தில் ஒரு நெடுங்கணக்கு வகுக்கப்பட்டது. 1932-இல் செர்கேய் ஸ்தெப்னித்ஸ்கி உருவாக்கிய முதல் அரிச்சுவடி வந்தது. 1936-37-இல் ரஷ்யச் சிரில்லிக் எழுத்துக்கு மாற்றப்பட்டது. ரஷ்ய எழுத்துகளோடு நான்கு சிறப்புக் குறிகள் சேர்ந்தன: மேற்குறி இட்ட வகரம், மேற்குறி இட்ட ககரம், காலில் கொக்கி உள்ள ககரம், காலில் கொக்கி உள்ள னகரம். ரஷ்யச் செய்தித்தளங்கள் இந்தக் கொக்கிகளை விட்டுவிட்டுச் சாதாரண ரஷ்ய எழுத்துகளையே அச்சிடுகின்றன. ஆகவே அங்கிருந்து ஒரு கொர்யாக் சொல்லை எடுத்து ஒலிபெயர்த்தால், இரு வேறு ஒலிகள் ஒன்றாகிவிட்டிருக்கும். அகராதியிலோ பாடநூலிலோ சரிபார்க்காமல் எழுத வேண்டாம்.

தமிழ் எழுத்து இந்த மொழிக்குச் சில இடங்களில் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது, சில இடங்களில் கையை விரிக்கிறது. கொக்கி உள்ள னகரம் நம்முடைய ங். அது சொல்லின் முதலிலும் வரும், எந்த உயிரோடும் சேரும். தமிழில் அரிச்சுவடிக்கு வெளியே தலைகாட்டாத ஙா, ஙி, ஙெ, ஙொ வரிசைக்கு இங்கே வேலை உண்டு. மூன்று என்பதற்கு ஙியோக், நான்கு என்பதற்கு ஙியாக், ஐந்துக்கு மில்லிஙேன். இவற்றை “ங்கி”, “ங்கே” என்று எழுதினால் இல்லாத ஒரு ககரம் உள்ளே புகுந்துவிடும். ஆறு என்பது இன்னன்மில்லிஙேன், அதாவது ஒன்று-ஐந்து. ஐந்தும் இருபதுமே இவர்கள் எண்முறையின் தூண்கள்.

அடுத்தது ககரம். சவ்ச்சுவென் வழக்கில் மூன்று வகை ஒலிகளைத் தமிழில் க என்ற ஒரே எழுத்தால் எழுத நேரும். ஒன்று, “பக்கம்” என்பதில் உள்ள வல்லொலி. இரண்டு, “பகல்”, “மகன்” என்பவற்றில் உரசி ஒலிக்கும் மென்மையான ககரம். மூன்று, நாவின் அடிப்பகுதி உள்நாக்கைத் தொட எழும் ஆழ்ந்த ககரம். கொக்கி உள்ள ரஷ்ய எழுத்து குறிப்பது இதையே. குர்ஆன் ஓதப் பழகிய தமிழ் முஸ்லிம்களுக்கு இது புதிதன்று, அரபு காஃப் எழுத்தின் ஒலிதான். மேற்குறி இட்ட ககரத்தின் ஒலியும் அரபு ஐன் எழுத்துக்கு நெருங்கியது. பொதுக்கட்டுரையில் ஆழ்ந்த ககரத்தைச் சாதாரண க என்றே எழுதி, முதல் இடத்தில் ஒரு வரியில் விளக்கிவிட்டால் போதும். புதுக் குறிகளைக் கண்டுபிடித்துப் பக்கத்தை நிரப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாசகர் இரண்டாம் பத்தியிலேயே விலகிவிடுவார்.

வல்லினத்தில் எச்சரிக்கை வேண்டும். தமிழைப் போலவே கொர்யாக்கிலும் ஒலிப்புள்ள, ஒலிப்பற்ற வெடிப்பொலிகளின் இணை கிடையாது. ஆனால் தமிழில் உயிர்களுக்கு இடையே வரும் தகரமும் பகரமும் நெகிழ்ந்து ஒலிக்கும். கொர்யாக்கில் அவை எங்கும் வன்மையாகவே நிற்கும். ஆகவே இடையில் வரும்போது இரட்டித்து எழுதுவது நல்லது: கெக்கெத்தின் என்றால் வாசகர் சரியாகப் படிப்பார், கெகெதின் என்றால் வேறொருவர் பெயராகிவிடும். பாதி விழுங்கப்பட்ட சிற்றுயிர் ஒன்று அடிக்கடி வரும். ஒலியில் அதற்கு நெருங்கியது நம் குற்றியலுகரம்; ஆனால் சொல் நடுவில் உகரம் எழுதினால் முழு உகரமாகப் படித்துவிடுவார்கள் என்பதால் நான் இகரத்தால் எழுதுகிறேன். ஒரு வழியைத் தேர்ந்துகொண்டு கட்டுரை முழுதும் அதிலேயே நிற்பதுதான் முக்கியம்.

மொழிகளைப் பிரித்தறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. சுக்சியில் ரகரம் வரும் பல இடங்களில் சவ்ச்சுவென் வழக்கில் யகரம் வரும். மூன்று சுக்சியில் ஙிரோக், கொர்யாக்கில் ஙியோக். வீடு சுக்சியில் யாராங, கொர்யாக்கில் யாயாங, அல்யுத்தோரிலோ ராராங. ரஷ்ய மொழி வழியாக உலகெங்கும் பரவிய “யராங்கா” என்ற சொல் சுக்சி வடிவத்திலிருந்து வந்தது. கொர்யாக் மேய்ப்பரின் கூடாரத்துக்கு அதைப் பயன்படுத்துவது குற்றமன்று. கொர்யாக் சொல் என்று அதை அறிமுகப்படுத்துவதுதான் குற்றம்.

இலக்கணமும் மொழிபெயர்ப்பும்

கொர்யாக் சொற்கள் ஒட்டு மேல் ஒட்டாக வளரும் என்று படித்தவுடன் தமிழர் நிம்மதி அடைவது இயல்பு. அந்த நிம்மதி அரைகுறையானது. தமிழில் ஒட்டுகள் சொல்லின் பின்னால் மட்டும் வரும். கொர்யாக்கில் முன்னாலும் வரும், இருபுறமும் தழுவியும் வரும். திகொயன்மாத்திக் என்ற ஒரே சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். முதலில் நிற்கும் தி என்பது “நான்” என்பதற்குரிய முன்னொட்டு. அடுத்து வரும் கொயா என்பது வளர்ப்புத் துருவமான். அதையடுத்துக் கொல்லுதல் வினையின் பகுதி. இறுதியில் வினைமுற்றுக்குரிய ஒட்டு. “நான் துருவமான் அறுத்தேன்” என்பது முழுப்பொருள். தமிழிலும் கைதட்டினான், வழிகாட்டினான் என்று பெயரும் வினையும் சேர்வது உண்டு. ஆனால் இங்கே பெயர் வினைக்கு முன்னால் நிற்பதோடு அமையாமல், நான் என்ற ஒட்டுக்கும் வினைப்பகுதிக்கும் நடுவே புகுந்துவிடுகிறது. இப்படிப் புகுந்த பெயர் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு விலங்கைச் சுட்டுவதில்லை. செயலின் வகையையே சொல்கிறது. “அந்தத் துருவமானை அறுத்தேன்” என்று ஐயுருபு போட்டு மொழிபெயர்த்தால் நுட்பம் போய்விடும். மேய்ப்பரின் இலையுதிர்கால விழாவான கொயனைத்தாத்திக் என்பதும் மந்தையை ஓட்டுதலைக் குறிக்கும் இத்தகைய கூட்டுச்சொல்தான்.

எழுவாயில் இன்னொரு தடுமாற்றம் நேரும். தமிழில் “வேடன் வந்தான்”, “வேடன் கடல்நாயைக் கண்டான்” என்ற இரண்டிலும் வேடன் ஒரே வடிவில் நிற்க, கடல்நாய் மட்டும் உருபு ஏற்கிறது. கொர்யாக்கில் வந்தவனும் காணப்பட்ட கடல்நாயும் உருபின்றி ஒரே வடிவில் நிற்பார்கள், கண்டவனுக்குத்தான் உருபு. பொதுப்பெயர்களில் அவ்வுருபு கருவிப்பொருள் உருபின் வடிவமே ஆகும். “நான்” என்பது வந்தேன் என்பதற்குக் கிம்மோ, கண்டேன் என்பதற்குக் கிம்னான். இதைப் பார்த்துவிட்டு “வேடனால் கடல்நாய் காணப்பட்டது” என்று எல்லா வாக்கியங்களையும் செயப்பாட்டுவினையாக மாற்றிவிடும் ஆர்வலர்கள் உண்டு. கொர்யாக்கில் இது வாக்கியத்தின் இயல்பான, நேரான வடிவம். தமிழிலும் நேராகவே, “வேடன் கண்டான்” என்றே எழுதுங்கள்.

கதைகளை மொழிபெயர்க்கத் தொடங்கினால் நான், நாங்கள், அவன் போன்ற மூவிடப்பெயர்கள் ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வைக்கும். நாங்கள் இருவர் என்பதற்கு முயி, மூவரும் அதற்கு மேற்பட்டவரும் என்றால் முயு என்று கொர்யாக் பிரிக்கிறது. தமிழ் அப்படிப் பிரிப்பதில்லை. தமிழ் பிரிக்கும் நாம், நாங்கள் என்ற வேறுபாடு கொர்யாக்கில் இல்லை. படர்க்கையில் ஆண், பெண் வேறுபாடும் இல்லை. ஆகவே மூலத்தில் இருப்பது ஒன்று தொலையும், இல்லாதது ஒன்று நுழையும். கணவனும் மனைவியும் தனியாகப் பேசும் இடத்தில் “இருவரும்” என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் முதல் இழப்பு ஓரளவு சரியாகும். நாமா நாங்களா என்பதைக் கேட்பவர் யார் என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அவனா அவளா என்ற இடத்தில், ஆங்கில மொழிபெயர்ப்பாளர் நமக்கு முன்பே ஒன்றைத் தேர்ந்துவிட்டார் என்பதை மறவாதீர்கள்; அவர் தேர்வு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், எப்போதும் அன்று.

பழைய பதிவுகளைப் படிக்கும் முறை

கொர்யாக்கைப் பற்றி எழுதுவோர் அனைவரும் இன்றும் திரும்பிச் செல்லும் இடம், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக ஃபிரான்ஸ் போவாஸ் 1897 முதல் 1902 வரை நடத்திய ஜெசப் வடபசிபிக் ஆய்வுப்பயணம். அதில் சைபீரியப் பகுதிக்குச் சென்ற விளாதிமிர் யோகெல்சன், விளாதிமிர் போகொராஸ் இருவரும் ஜார் ஆட்சியை எதிர்த்ததற்காகச் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கேயே இனவரைவியலாளர் ஆனவர்கள். யோகெல்சனோடு அவர் மனைவி தீனா பிரோத்ஸ்காயாவும் பணிபுரிந்தார். நிழற்படங்களில் அவர் பங்கு பெரிது, பெயர்தான் அட்டையில் இல்லை. கொர்யாக் சமயம், தொன்மம் பற்றிய யோகெல்சனின் பகுதி 1905-இலும், பொருட்பண்பாடு, சமூக அமைப்பு பற்றிய பகுதி 1908-இலும் வெளிவந்தன. போகொராஸ் 1900-01 குளிர்காலத்தில் திரட்டிய கொர்யாக் கதைகள் 1917-இல் நூலாயின. அனைத்தும் உரிமைக்காலம் முடிந்தவை. மின்னூல் காப்பகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். யோகெல்சன் கதைகளைப் பெரிதும் உரைபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டு ஆங்கிலத்தில் தந்தார். மொழி பற்றிய எந்தச் செய்திக்கும் அவற்றைச் சான்றாக்க முடியாது. போகொராஸ் மூலத்தையே எழுதி, வரிக்கு வரி பொருளும் கொடுத்தார். ஆனால் அவர் பெரிதும் பதிவுசெய்தது கமென்ஸ்கோயே வழக்கு. பாடநூல் சவ்ச்சுவென் வழக்கோடு அது எழுத்துக்கு எழுத்து பொருந்தாது. பொருந்தாத இடங்களை அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

கதைகளையும் பண்பாட்டுப் பகுதியையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படித்தால்தான் கதை விளங்கும். ஒரு கதையைப் பார்ப்போம். குய்க்கின்னாக்கு என்ற பெருங்காகம் ஒரு திமிங்கிலத்தைப் பிடிக்கிறான். அதைக் கடலுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் திமிங்கிலத்தின் வழிப்பயண உணவு வைத்த புல்பையைத் தூக்க அவனால் முடியவில்லை. மேலுலகத்து இறையை வேண்டுகிறான். கடலோரச் சமவெளியில் புள்ளித் தொப்பி அணிந்த வெண்தண்டுகளைத் தின்னும்படி மறுமொழி வருகிறது. தின்றதும் பலம் பெருகி, பையை எளிதாகத் தூக்கித் திமிங்கிலத்தை வழியனுப்புகிறான். இதை மட்டும் படிப்பவர் போதைக்காளானைப் பற்றிய கதை என்று எழுதி முடித்துவிடுவார். இணையத்தில் உள்ள குறிப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. பிடித்த திமிங்கிலத்துக்கு ஏன் வழிச்சோறு? கரையோர ஊர்களில் நடந்த திமிங்கில விழாவை யோகெல்சன் விரிவாக எழுதியிருக்கிறார். வேட்டையில் கிடைத்த திமிங்கிலம் ஊருக்கு வந்த விருந்தாளி. புல்லால் முடைந்த முகமூடி அணிந்த பெண்கள் சடங்கில் பங்குகொள்வார்கள். விழா முடிவில் விருந்தாளிக்கு வழிப்பயணத்துக்கான உணவைப் புல்பைகளில் வைத்து அனுப்புவார்கள். அது தன் கூட்டத்தாரிடம் போய் உபசரிப்பைச் சொல்லி, அடுத்த ஆண்டு உறவினரோடு வரும் என்பது நம்பிக்கை. இதை அறிந்த பின் கதையின் மையம் காளானிலிருந்து புல்பைக்கு நகர்ந்துவிடும். இது கரையோரத்தாரின் விழா, மேய்ப்பருடையது அன்று என்பதும் கூடவே குறிப்பில் ஏற வேண்டும்.

வீடும் அப்படியே. போகொராஸ் கதைகளில் ஆட்கள் அடிக்கடி மேலிருந்து எட்டிப் பார்ப்பதும், கீழே பேசுவதும், பொருள்களை இறக்குவதும் வரும். பாதி நிலத்தில் புதைந்த குளிர்கால வீட்டுக்குக் கூரைப்புகைவாயே வாசல். கால் வைக்கத் துளையிட்ட ஒற்றை மரத்தடியே ஏணி. கூரைமேல் புயலுக்கு மறைப்பாகப் புனல் போல் விரிந்த ஒரு மரத்தட்டு இருக்கும். இதை ஒரு வரியில் விளக்காமல் “வாசலில் வந்து நின்றாள்” என்று தமிழாக்கினால் கதை நடக்கும் இடமே மாறிப்போகும்.

பெயர்களிலும் கலப்படம் வேண்டாம். காகத்தின் மனைவி மித்தி, மூத்த மகன் எமெம்குத். குத்க் என்பது இத்தெல்மென் மக்களின் காகம், குர்கில் சுக்சியின் காகம். இம்மூன்று பெயர்களையும் ஒருவருக்கே சூட்டிய குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். குய்க்கின்னாக்கு படைப்பில் பங்குள்ள முன்னோன் என்பதால் “அவர்” என்று எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இவன் உலகை ஒழுங்குபடுத்துகிறவன் மட்டுமல்லன். பேராசைப்பட்டு ஏமாறுகிறவன், மனைவியிடம் திட்டு வாங்குகிறவன். “அவன்” என்பதுதான் கதையின் தொனிக்குப் பொருந்தும்.

இன்றைய கொர்யாக்கை மறவாமல்

1908-இன் வருணனையை நிகழ்காலத்தில் எழுதுவது இத்துறையில் மிகப் பரவலான பிழை. புதைவீடுகளில் இன்று யாரும் வாழ்வதில்லை. பழைய பதிவுகளிலிருந்து எடுத்த அனைத்துக்கும் இறந்தகால வினைமுற்றைப் பயன்படுத்துங்கள். 1900-க்குப் பிறகும் எழுதத்தக்க நிகழ்வுகள் உண்டு. கொர்யாக் மொழியில் முதலில் புனைகதை எழுதியவர்களுள் முதன்மையானவரான கெத்சாய் கெக்கெத்தின் 1930-களில் லெனின்கிராதில் படித்தபோதே நூல்களை வெளியிட்டு, 1943-இல் போர்முனையில் மாண்டார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதைத் தாண்டவில்லை. 1965-இல் பலானாவில் தொடங்கிய மெங்கோ ஆடற்குழுவின் காணொளிகள் எளிதில் கிடைக்கும். மேடைக்கென அமைத்த அந்த ஆட்டங்களைச் சடங்கின் நேர்ப்பதிவாகக் கொள்ளாதீர்கள். கடல் விலங்குகளுக்கு நன்றி சொல்லும் நிமிலான் விழாவான ஹொலொலோ ஊர்களில் இன்றும் நடைபெறுவதால், அதைத் தனியே பார்க்க வேண்டும். மொழியை ஆழ்ந்து கற்க விரும்புவோருக்கு ரஷ்ய மொழி தவிர்க்க முடியாதது. 1972-இல் வெளிவந்த அலெவ்தீனா ஷுக்கோவாவின் விரிவான இலக்கணம் அம்மொழியிலேயே உள்ளது.

எழுதி முடித்தபின், வெளியிடுவதற்கு முன், கட்டுரையில் “கொர்யாக்குகள்” என்று தொடங்கும் வாக்கியங்களை மட்டும் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்தக் குழு என்று குறிப்பில் இருந்தால் சவ்ச்சுவென் மேய்ப்பர், பென்ஷினாக் கரையோரத்தார், பலானா ஊரார் என்று மாற்றிவிடுங்கள். குறிப்பில் இல்லையென்றால் மூலத்துக்குத் திரும்பிச் சென்று பாருங்கள்; அங்கும் இல்லையென்றால் அந்த வாக்கியத்தை நீக்கிவிடலாம். மக்கள் தொகை வரும் இடங்களில் கணக்கெடுப்பு ஆண்டு இருக்கிறதா, ஊர்ப்பெயர்கள் இன்றைய ரஷ்ய வடிவத்தில் ஒரே சீராக இருக்கின்றனவா, மூல மொழிச்சொற்களில் ங வரிசை “ங்க” என்று மாறிவிடவில்லையா என்பவற்றையும் அந்தச் சுற்றிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.